மூன்றாவது தட்டை நான் கிளப்பிய விதம்

திங்கட்கிழமை முற்பகல் பதினொன்று இருபதுக்குச் செய்தி வந்தது. நேரத்தில் பிழையில்லை. அந்த நிமிடம் மட்டக்களப்பு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் ஓர் இரத்தக் குழாயின் மேல் நேரத்தை எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே வெடி கொளுத்தும் சத்தம். சண்டை முடிந்துவிட்டது என்று காலையிலிருந்து வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. சந்தியில் சிப்பாய்கள் பாற்சோறு கொடுத்தார்கள். சனம் அதை வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல், தாளோடு கையில் வைத்தபடி நடந்தது. நானும் ஒரு துண்டு வாங்கியிருந்தேன். அது என் மேசையில் காய்ந்துகொண்டிருந்தது.

எனக்கு வந்த செய்தி வேறு, உன்னைப் பற்றியது. அழைத்தவர் டொமினிக் அண்ணன். மலைநாட்டில் நாம் இரண்டு பேரும் வேலை செய்த ஆய்வுகூடத்தில் உயிர்க்கலங்களுக்கு ஊட்டத் திரவமான வளர்ப்பூடகம் கலக்குகிற, நம் ஊர்ப் பறங்கி டொமினிக் அண்ணன். இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

"தம்பி, நிக்கிறியா இரிக்கிறியா? நிண்டா இரி. இரிந்தா எழும்பு."

"சொல்லுங்க அண்ணன்."

"அவட கட்டுரைய நான் குடுத்திரிந்தன், எடுத்திட்டாங்க. துறையிட ஆண்டு மலரில வருது. அவட பேர்தான் முதல். காலமான ஆள் எண்டு காட்ட பேருக்குப் பக்கத்தில சின்னச் சிலுவை ஒண்டு போடட்டோ எண்டு கேட்டாங்க. ஐயோ, அவ வேதக்காரி இல்ல, சிலுவை போட்டா மாமாங்கக் கோயிலடி அமிர்தகழிக்குள்ள நான் கால் வைக்க ஏலாது எண்டு சொல்லிட்டன்."

நான் அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். "அழுடா தம்பி, அழு. நல்லதுக்குத்தானே அழுறாய்" என்றார். உன் ஆய்வுப் புத்தகத்தை பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருப்பதாகவும், இலக்கங்களை ஒருதரம் சரிபார்த்து இந்தக் கிழமைக்குள் சொல்லும்படியும் கேட்டார். உன் அம்மாவுக்கும் அழைத்துச் சொல்லிவிட்டாராம். "மாமி போனிலேயே குலவை போட்டவ" என்று சிரித்தார்.

நான் அழவில்லை. மூன்றாவது தட்டை நினைத்துக்கொண்டு நின்றேன்.

பின்னேரம் நாலு மணிக்கு பஸ் நிலையத்தில் புத்தகத்தை வாங்கினேன். மண்ணிறத் தாளில் சுற்றி, நூலால் நாலு பக்கமும் கட்டியிருந்தது. அறைக்கு வந்து, வாவிப் பக்கத்து யன்னலடியில் வைத்துப் பிரித்தேன். முதலில் மணம்தான் வந்தது. ஸ்பிரிட்டும், ஈரம் காய்ந்த தாளும், அவற்றுக்கடியில் பச்சையாக அரைத்த வாளவரைக் கொட்டையும். நாலரை வருடம் ஓர் அலுமாரிக்குள் கிடந்தும் அந்தக் கொட்டையின் வாடை போகவில்லை. உன் கைகளிலும் அது போனதில்லை. கல்யாணத்தன்று மருதாணியையும் மீறி வந்தது.

உன் அம்மா கேட்டது நினைவிருக்கிறதா? கடலோரம் இருந்த உங்கள் நாவலடி வீட்டு வேலியில் காய்த்த வாளவரையைக் கறிக்கு விடாமல் முற்றவிட்டு, அந்தச் சிவந்த கொட்டைகளை நீ பை நிறைய அள்ளுகிறபோது கேட்டார்.

"என்ன புள்ள, அங்க கறியா படிப்பிக்கிறாங்க?"

"ஓம் அம்மா. கறிதான். ஆனா திங்கிறது நாங்க இல்ல."

"அப்ப ஆரு?"

குசினி வாசலில் குந்தியிருந்து நீ அவருக்கு விளங்கப்படுத்தினாய். உன் மேற்பார்வையாளருக்கும் எனக்கும் நீ சொன்னதைவிட அதுதான் தெளிவாக இருந்தது. கோழிக்குஞ்சுக் கருவிலிருந்து எடுத்த நல்ல கலம் போத்தலின் அடியில் பரந்து படுக்கும். பக்கத்துக் கலத்தில் முட்டினால் நின்றுவிடும். கோழிக்குக் கட்டி உண்டாக்குகிற ஒரு வைரசு அதற்குள் புகுந்தால் கலம் உருமாறிவிடும். உருண்டை பிடிக்கும், ஒன்றின்மேல் ஒன்று ஏறும், அடியை விட்டுக் கழன்றுவிடும்.

"நல்ல கலத்துக்கு மேல பெரிய புரதம் ஒண்டு வலை மாதிரி இரிக்கும் அம்மா. அதாலதான் அது நிலத்தப் புடிச்சிட்டு நிக்குது. வைரசு பூந்த கலத்தில அந்த வலையக் காணல்ல. அது வலை பின்னாம விட்டிட்டுதா, இல்லாட்டி பின்னின வலைய ஆரும் அறுக்கிறாங்களா? அதுதான் கேள்வி."

"அறுக்கிறது ஆராம்?"

"அதுவேதானோ எண்டு சந்தேகம். அதுக்குள்ள இரிந்து ஒரு நொதியம் வெளிய வருது. அந்த நொதியம் கத்தரிக்கோல் மாதிரி புரதத்த வெட்டும். தன்ட வலையத் தானே வெட்டுதோ தெரியா."

உன் அம்மா அரிவாளில் காய் அரிந்துகொண்டே சொன்னார்: "அப்பிடி ஆக்கள் நம்மட பகுதியிலயும் ரெண்டு மூண்டு பேர் இரிக்கிறாங்க." நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் அன்றைக்கு அந்த வீட்டுக்குப் புது மருமகன்; சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாளவரைக் கொட்டையை ஊறவைத்து அரைத்து, உப்புத் தண்ணீரில் வடித்தெடுத்த சாறுதான் நம் சோதனைக்குக் கருவி. அந்தச் சாற்றை விட்டால் உருமாறிய கலங்கள் கட்டி கட்டியாகத் திரளும். நல்ல கலங்கள் திரளாமல் தனித்தனியாக நிற்கும். மேற்பரப்பில் ஏதோ வெட்டுப்பட்டிருக்கிறது என்பதற்கு அதுதான் நமக்குச் சாட்சி. வெளிநாட்டிலிருந்து அந்தச் சாற்றைத் தூளாக வாங்க வழியில்லாமல் எல்லாரும் கையைப் பிசைந்தபோது, "எங்கட வேலியில காய்க்குது" என்று நீ சொன்னாய். அதற்குப் பிறகு துறையில் உன்னை யாரும் புதுசு என்று பார்க்கவில்லை.

இன்னொரு கருவியையும் நீயே செய்தாய். போத்தலின் அடியில் ஒட்டியிருக்கும் கலங்களைப் பெயர்த்தெடுப்பதை நாம் கிளப்புவது என்போம். வைரசு புகுந்த கலங்கள் போத்தலில் ஒரு தட்டுத் தட்டினாலே கிளம்பிவிடும். நல்ல கலங்கள் விடாது. திரிப்சின் என்ற நொதியத்தை விட்டால் சில நிமிடத்தில் கழன்று வரும். ஆனால் திரிப்சினும் புரதம் வெட்டுகிறதுதான். மேற்பரப்புப் புரதத்தைப் பார்க்கப் போகிறவன் அதைத் தொடக்கூடாது. அதனால் கண்ணாடிக் குச்சியின் நுனியில் றப்பர் பூட்டி மெதுவாக வழித்தெடுக்க வேண்டும். அந்தக் குச்சியை உலகம் முழுக்க ஆய்வுகூடக்காரர் பொலிஸ்காரன் என்பார்கள். நம்மிடம் இருந்தது உடைந்தபோது, நீ ஊருக்கு வந்த இடத்தில் சைக்கிள் கடையில் ஒரு பழைய டியூப்பை வெட்டி வாங்கி, இன்னொன்று செய்து பையில் போட்டுக்கொண்டு வந்தாய். சோதனைச் சாவடியில் சிப்பாய் அதை எடுத்து "மொகத மே?", இது என்ன என்று சிங்களத்தில் கேட்டதும், நீ தூக்கக் கலக்கத்தில் "பொலிஸ்" என்றாய். பஸ் முழுக்க இறங்கி அரைமணி நேரம் வெயிலில் நின்றோம். டொமினிக் அண்ணன் அந்தக் கதையை வருகிற போகிற எல்லாருக்கும் சொன்னார். "புள்ள, அடுத்த முறை ஆமிக்காரனையும் கொண்டு வா, ரெண்டு தட்டையும் ஒரே நேரத்தில கிளப்பலாம்."

அவர் பகிடிக்குச் சொன்னார். ஒரே ஒரு பொலிஸ்காரன் இருந்ததுதான் பிறகு எல்லாவற்றுக்கும் காரணம்.

நமக்குக் கல்யாணம் முடிந்து இரண்டு மாதம். ஆடி அமாவாசைக்கு முதல் நாள். மாமாங்கத்துத் தீர்த்தத்துக்கு ஊருக்குப் போய்விட வேண்டும் என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். இரண்டு மணிக்கு பஸ். காலையில் மூன்று தட்டுப் போத்தல்கள் தயாராக இருந்தன. முதல் தட்டில் நல்ல கலங்கள், ஒன்றும் செய்யாதவை. இரண்டாவதில் உருமாறிய கலங்கள். மூன்றாவதிலும் நல்ல கலங்கள்தான். ஆனால் உருமாறிய கலங்கள் வளர்ந்த திரவத்தில் அவற்றைச் சில மணிநேரம் ஊறவிட்டிருந்தோம். உன் கேள்வி முழுக்க அந்த மூன்றாவது தட்டில்தான் இருந்தது. உருமாறிய கலம் வெளியே விடுகிற நொதியம் நல்ல கலத்தின் மேற்பரப்பையும் வெட்டுமென்றால், மூன்றாவது தட்டும் சாற்றில் திரள வேண்டும்.

நீ பொலிஸ்காரனோடு முதல் தட்டில் இருந்தாய். நாக்கு நுனியைப் பல்லில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு போத்தலாக, கோலம் போடுகிற நிதானத்தில் வழித்துக்கொண்டிருந்தாய். மணி பதினொன்றரை. மூன்றாவது தட்டு என் முன்னால் சும்மா இருந்தது. நீ முடித்துக் குச்சியைத் தர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். நான் குளிர்ப்பெட்டியைத் திறந்து ஒரு குப்பி திரிப்சினை எடுத்தேன். உப்புத் தண்ணீர் விட்டு மிகவும் ஐதாக்கினேன். சில நிமிடம்தான் விட்டேன். கிளம்பியதும் மூன்று தரம் கழுவினேன். கழுவினால் நொதியம் போய்விடும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். நொதியம் போகும். அது வெட்டின வெட்டுப் போகாது. இது எனக்குத் தெரியாததல்ல. மாணவர்களுக்கு நான்தான் அதைச் சொல்லிக்கொடுப்பேன்.

புத்தகத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. பஸ் அவசரத்தில் நீயும் கேட்கவில்லை.

பன்னிரண்டரைக்கு நீ நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தாய். முதல் தட்டு திரளவில்லை. இரண்டாவது திரண்டது. மூன்றாவதை வைத்ததும் நீ அசையாமல் இருந்தாய். பிறகு கண்ணை எடுக்காமலே கையைப் பின்னால் நீட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "பாரு. பாரு. டேய், பாரு." நான் பார்த்தேன். திராட்சைக் குலை மாதிரித் திரண்டிருந்தது. ஆய்வுகூடத்துக்குள் நீ என்னை நீ என்றும் டேய் என்றும்தான் கூப்பிடுவாய்; வாசலைத் தாண்டினால் நீங்க. அன்று பஸ்ஸிலும் மறந்துபோய் டேய் என்றாய். முன் சீற்றுக் கிழவர் திரும்பிப் பார்த்தார். மட்டக்களப்பு வரைக்கும் கதைத்துக்கொண்டே வந்தாய். எந்த இடத்தில் சொல்வது? நான் ஒவ்வொரு சந்தியிலும் அடுத்த சந்தியில் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் தீர்த்தக்குளத்தில் நீ மூன்று முழுக்குப் போட்டு எழும்பி, தலையைத் துவட்டாமல் சிரித்தபோது, இனிச் சொல்ல ஏலாது என்று தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு இரண்டு தரம் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்யப் பார்த்தோம். ஒருதரம் பூஞ்சணம் பிடித்தது. மற்றத்தரம் மின்சாரம் நின்று கலங்கள் செத்தன. இரண்டு தரமும் நீ தலையில் கைவைத்து உட்கார்ந்தாய். நான் உன் முதுகைத் தடவிக்கொண்டு, உள்ளுக்குள் மூச்சு விட்டேன். கிடைத்த ஒரே முடிவை வைத்து நீ கட்டுரையை எழுதினாய். டொமினிக் அண்ணன் தட்டச்சுச் செய்து கொடுத்தார்.

மார்கழியில், நத்தார் விடுமுறைக்கு முதல் வியாழக்கிழமை, குளிர்ப்பெட்டிப் பட்டியலோடு நீ என் மேசைக்கு வந்தாய். ஒவ்வொரு திரிப்சின் குப்பிக்கும் இலக்கம் போட்டு, எடுக்க எடுக்கப் பென்சிலால் வெட்டுகிறவள் நீ.

"பதினேழாம் குப்பியக் காணல்ல."

"உடைஞ்சிரிக்கும்."

"உடைஞ்சா எழுதியிரிப்பம்." நீ பட்டியலை என் முன்னால் வைத்தாய். "பதினாறு ஆடி அமாவாசைக்கு முன்கிழமை. பதினெட்டு அதுக்குப் பொறகு. இடையில நாங்க செய்தது அந்த ஒரு சோதனைதான். நீங்க எடுத்ததா?"

ஆய்வுகூடத்துக்குள் நின்றுகொண்டு நீங்க என்றாய். அப்போதே எனக்கு விளங்கியது.

"ஞாபகமில்ல" என்றேன்.

நீ கோபிக்கவில்லை. பட்டியலைச் சுருட்டிக்கொண்டு, "சரி, ஞாபகம் வந்தா சொல்லுங்க" என்றாய்.

இதுவரை யாருக்கும் சொல்லாத விசயம் இனித்தான் இருக்கிறது. மறுநாள் நாம் இரண்டு பேரும் ஊருக்குப் போவதாகத்தான் இருந்தோம். நான் வரவில்லை என்றேன். கலங்களுக்கு ஊடகம் மாற்ற வேண்டும், யாராவது நிற்க வேண்டும் என்றேன். நீ பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நானும் நிக்கிறன். ரெண்டு பேருமாப் போவம்" என்றாய். நான்தான் வேண்டாம் என்றேன். "அம்மா பாத்திட்டு இரிப்பா. நீ போ" என்றேன். உன்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நீ இல்லாமல் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டியிருந்தது எனக்கு.

சனிக்கிழமை செய்தேன். டொமினிக் அண்ணன் நத்தார்ப் பூசைக்கு வேதக்கோயிலுக்குப் போயிருந்தார், கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. மூன்றாவது தட்டை இரண்டாகப் பிரித்தேன். பாதியை உன் பொலிஸ்காரனால் வழித்தேன். பாதியைத் திரிப்சினால் கிளப்பினேன். வழித்த பாதி திரளவில்லை. ஒன்றுகூடத் திரளவில்லை. திரிப்சின் பாதி திராட்சைக் குலை. நாம் கண்டது வைரசு புகுந்த கலத்தின் நொதியம் செய்த வேலை அல்ல. நான் செய்த வேலை. அதை ஒரு தாளில் எழுதி, மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

பின்னேரம் நீ அழைத்தாய். பின்னால் கடல் கேட்டது.

"கலமெல்லாம் எப்பிடி?"

"நல்லா இரிக்கு. உன்னோட ஒரு விசயம் கதைக்கோணும்."

"சொல்லுங்க."

"நாளைக்குச் சொல்லுறன்."

"இப்பவே சொல்லுங்களன்."

"இல்ல, ஆறுதலா. நாளைக்குக் காலைல."

"சரி. ஒம்பது மணிக்கு எடுங்க. போனக் கையிலயே வச்சிரிக்கன்."

ஒன்பது மணிக்கு நான் எடுக்கவில்லை. எப்படித் தொடங்குவதென்று ஒரு தாளில் எழுதி எழுதி வெட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பது பத்துக்கு எடுத்தேன். மணி அடிக்கவில்லை. திரும்பவும் எடுத்தேன். டொமினிக் அண்ணன் சின்ன றேடியோவோடு கதவைத் திறந்துகொண்டு வந்தபோது, நான் உன் இலக்கத்தை எத்தனையாவது தரம் அழுத்திக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று அவர் சொன்னதும், எனக்கு அதற்கு என்ன அர்த்தம் என்றே விளங்கவில்லை.

உன் அம்மா ஒரு தென்னையில் தங்கித் தப்பினார். உன்னை நாங்கள் கண்டெடுக்கவில்லை.

அன்றிலிருந்து என் போனை நான் நிறுத்தியதில்லை. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. நீ கையிலேயே வைத்திருப்பதாகச் சொன்னாய், அவ்வளவுதான். சட்டைப் பையில் எப்போதும் இரண்டாவது பற்றரி இருக்கும். செத்தவீட்டிலும் கோயிலிலும் அது மணி அடித்துப் பேச்சு வாங்கியிருக்கிறேன். இங்கே கூட வேலை செய்கிற பெடியன்கள், "சேர்ட போன் சேருக்குப் பொறகும் உயிரோட இரிக்கும்" என்று பகிடி பண்ணுவார்கள். நானும் சிரிப்பேன். முகம் தானாகச் செய்கிறது.

திரிப்சின் பட்ட நல்ல கலத்தைக் கழுவி, ஊடகம் ஊற்றி, இளஞ்சூட்டில் விட்டால், ஒருநாளில் வெட்டுப்பட்ட வலையைத் திரும்பப் பின்னிக்கொண்டு பரந்து படுத்துவிடும். வைரசு புகுந்த கலம் அப்படித் திரும்பாது. காரணம் உள்ளேயே இருக்கிறது. இரண்டில் நான் எந்த வகை என்று நாலரை வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். யன்னலடியில் உன் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஆடி அமாவாசைக்கு முதல் நாளின் பக்கம். மை எழுத்தில் மூன்று தட்டுகளின் இலக்கங்கள். மூன்றாவது தட்டுக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் சின்னதாக மூன்று வரி. முன்னர் இருந்ததில்லை, குப்பியைக் கேட்ட அன்று எழுதியிருக்க வேண்டும்.

இந்தத் தட்டு எப்படிக் கிளப்பப்பட்டது?

கேட்டேன். ஞாபகம் இல்லையாம்.

சொல்லுவார்.

அவ்வளவுதான். சொல்லுவார் என்பதற்குக் கீழே கோடுகூட இல்லை. கட்டுரையைத் திருத்தவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. காத்திருந்திருக்கிறாய்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு பழுகாமத்துக்குப் போனேன். உன் அம்மா கடலுக்குப் பக்கத்தில் இருக்க ஏலாது என்று, வாவிக்கு மேற்கே உன் மாமன் வீட்டோடு போய்விட்டார். பட்டிருப்புப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை மறித்துப் பையைப் பார்த்தார்கள். ஒரு புத்தகம்தானே, போ என்றார்கள். வயல்வட்டையில் சிறுபோக நெல் முளைத்துப் பச்சையாகக் கிடந்தது. வீட்டு வேலியில் வாளவரைக் கொடி. நாவலடிக் கொட்டைதான், அம்மா எப்போதோ தன் தம்பிக்குக் கொடுத்தது இங்கே பிழைத்திருக்கிறது.

உன் அம்மா கண்ணாடிச் சட்டம் ஒன்று வாங்கி வைத்திருந்தார். உன் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துச் சுவரில் மாட்டியிருக்கிறார் அல்லவா, உன் முகம் பாதி கரைந்த அந்தப் படம். அதற்குப் பக்கத்தில் ஆணியும் அடித்தாயிற்று.

"மலர் வந்ததும் அவட பேர் இரிக்கிற பக்கத்த இதில போடோணும் மகன். ஒரு கல்லறையும் இல்ல, ஒண்டும் இல்ல. பேராவது ஒரு இடத்தில நிக்கட்டும்."

நான் புத்தகத்தை எடுத்தேன். "இது அவட கையெழுத்து மாமி."

அவர் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, தாளைத் தடவினார். "கண்ணாடி இல்லாம தெரியல்ல. என்ன எழுதியிரிக்கா? வாசிங்க."

நான் வாசித்தேன். மூன்று வரிதான். மூன்றாவது வரியைத் திரும்பவும் வாசித்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். குப்பி. ஞாபகமில்லை என்றது. நீ நிற்கிறேன் என்றது. நான் போ என்றது. சனிக்கிழமைத் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். மடிப்புகளில் கிழிந்து நாலு துண்டாக இருந்தது.

உன் அம்மா அந்த நாலு துண்டையும் சேர்த்து என் கையில் திரும்ப வைத்தார்.

"அவ ஏன் தனிய வந்தவ எண்டு நான் இண்டைக்கு வரைக்கும் உங்களிட்டக் கேக்கல்ல" என்றார். "சண்டையோ எண்டு நினைச்சன். கேட்டா நீங்க இஞ்ச வாறத நிப்பாட்டிருவீங்களோ எண்டு பயம்."

"சண்டை இல்ல மாமி."

"சண்டையா இரிந்திரிந்தாக்கூடப் பரவாயில்ல." இதைச் சொல்லிவிட்டு வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். நான் தலையைத் தூக்கவில்லை. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நல்லது.

பிறகு கேட்டார்: "அப்ப மலரில வரப்போறது பொய்யா?"

"ஓம் மாமி. நான் செய்த பொய். அவட பேரில வரும்."

"அவ கேட்டது?"

"அவ கேட்டதுதான் சரி."

அவர் எழுந்து, ஆணியில் மாட்டத் தயாராக வைத்திருந்த சட்டத்தை எடுத்து, அரிசிப் பெட்டிக்குப் பின்னால் கவனமாகச் சாத்தினார். "அப்ப வேணாம் மகன். அவட பேர் இப்பிடி ஒரு இடத்தில நிக்க வேணாம்." குசினிப் பக்கம் திரும்பினார். "சோறு ஆக்கியிரிக்கு. திண்டிட்டுப் போங்க."

வாளவரங்காய்ப் பால்கறி. தின்றேன். அவர் எதிரே இருந்து பார்க்கவில்லை, குசினிக்குள் நின்றார். புறப்படுகிறபோது ஒரு பழைய ஜாம் போத்தலில் சிவந்த கொட்டைகளை நிறைத்துக் கொண்டுவந்தார்.

"இந்தாங்க."

"எனக்கு எதுக்கு மாமி?"

"தெரியா. முத்தினா எடுத்து வச்சே பழகிட்டன்."

இன்று காலை துறைக்குக் கடிதம் எழுதினேன். மூன்றாவது தட்டைக் கிளப்பியது நான். திரிப்சினால் கிளப்பினேன். எழுதி வைக்கவில்லை. கேட்டபோது மறைத்தேன். உருமாறிய கலத்தின் நொதியம் மேற்பரப்புப் புரதத்தை மாற்றவும் கூடும், ஆனால் நாங்கள் அதைக் காணவில்லை. கட்டுரையை நிறுத்துங்கள். அதில் பிழை இருப்பதை முதலில் கண்டவள் அவள். எங்காவது அவள் பெயர் வருவதென்றால் அதற்காக வரட்டும். சனிக்கிழமைத் தாளின் பிரதியையும் உன் பென்சில் பக்கத்தின் பிரதியையும் சேர்த்து அனுப்பினேன். பிரதி எடுத்த கடையில் பென்சில் எழுத்து விழவில்லை. கடைக்காரப் பிள்ளை மூன்று தரம் கறுப்பைக் கூட்டிப் பார்த்தாள். கடைசியில் தாள் முழுக்கச் சாம்பலாகி, அதற்குள்ளே மங்கலாக அந்த மூன்று வரியும் வந்தன.

டொமினிக் அண்ணனுக்கு அழைத்துச் சொன்னேன். அவர் கத்தினார்.

"உனக்கு விசரா? ஆரடா இப்ப அதத் திரும்பச் செய்து பாக்கப் போறான்? ஒரு புள்ளட பேர், தம்பி. கடல் கொண்டு போனதுக்கு மிச்சம் அது ஒண்டுதான். அதையும் நீ அழிக்கிறாய்."

"அவதான் அண்ணன் கண்டுபிடிச்சவ."

"என்னத்த?"

"என்ன. நான் மறைச்சத."

"போன வை" என்றார் அவர். பத்து நிமிடத்தில் திரும்ப எடுத்தார், நான் தொடவில்லை. மறுபடியும் எடுத்தார். அவர் விடமாட்டார், உனக்குத் தெரியும். உன் பக்கம் பேசுகிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம். துறையில் என்ன முடிவெடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. உன் பெயர் எங்கும் வராமலே போகலாம்.

இப்போது பின்னேரம் மூன்று மணி. வாவி அசையாமல் கிடக்கிறது. ஜாம் போத்தல் யன்னலில் இருக்கிறது, வெயில் பட்டு. உன்னிடமிருந்து என்னோடு தங்கியது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். எதை எடுத்தாலும் எழுதி வைக்கிற பழக்கம். எந்தக் குழாய், எத்தனை மணி, எந்தக் கை. இங்கே எல்லாரும் என்னைப் பயித்தியம் என்கிறார்கள். அதையும் உன் பட்டியலிலிருந்துதான் பழகினேன்.

ஞாபகம் வந்தால் சொல்லுங்க என்றாய். எப்போதுமே ஞாபகம் இருந்தது. பதினேழாம் குப்பியை நான்தான் எடுத்தேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது போன் இன்னும் இரண்டு தரம் அடித்தது. திறந்து, பற்றரி ஏறியிருக்கிறதா என்று வழக்கம்போலப் பார்த்தேன். நிறைய இருந்தது. இரண்டாவது பற்றரியைப் பையிலிருந்து எடுத்துக் கொட்டைப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பிறகு போனை நிறுத்திவிட்டேன்.